காகிதம் ஒட்டிய தட்டு

பிப்ரவரி 3, 1998. செவ்வாய்.

இன்று கஸ்டர்டு அடிப்பிடித்துவிட்டது. முந்நூறு பிள்ளைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை சமையலறை வாசலில் வந்து நின்று, "என்ன நோரீன், ஏதாச்சும் பிரச்சினையா?" என்றாள். பிரச்சினையின் பெயர் ராய்ஸ்டன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிறன்று நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் ஆதாரமாக இருக்கும்.

நடன மன்றத்தில் நல்ல கூட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் ஒன்றிலிருந்து ஆறு மணி வரை பழைய அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டு ஆட்டம். அக்ரிங்டன் ஆட்கள் மட்டுமில்லை, போல்ட்டன், பிளாக்பர்னிலிருந்தும் வண்டி பிடித்து வருகிறார்கள். நான்கு மணிக்கு லிட்டில் ஜூனிப்பர் பாடிய தட்டைப் போட்டேன். முதல் டிரம் அடி விழுந்ததுமே கோப்பைகளை அப்படி அப்படியே வைத்துவிட்டுத் தளத்துக்கு ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து ராய்ஸ்டன் என் மேசைக்குப் பின்னால் வந்து நிற்கிறான், கையில் டீயுடன்.

"குடி மகராசி. தொண்டை காஞ்சு போயிருக்கும்."

இருபது வருஷமாக இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தட்டுப் போடுகிறோம். ஒரு வாய் தண்ணீர் எடுத்துத் தந்ததில்லை அவன். கண்ணும் டீயில் இல்லை. சுற்றுகிற தட்டின் நடுவே நான் ஒட்டியிருக்கும் பழுப்புக் காகிதத்தில் இருந்தது.

"இந்தப் பொண்ணு எந்த ஊருன்னு சொன்னே?"

"பால்டிமோர்."

"போன மாசம் நியூ ஆர்லியன்ஸ்னியே?"

"குடும்பத்தோட வீடு மாறிட்டாங்க."

சிரித்துக்கொண்டே போனான். போகட்டும். எங்கள் ஆட்களிடையே இது தப்பே இல்லை. யாரும் கேள்விப்படாத பழைய தட்டைத் தேடிப் பிடித்தவர், அதன் பெயரைக் காகிதம் ஒட்டி மறைத்து, வாய்க்கு வந்த ஒரு பெயரை வைப்பார். மற்றவர்கள் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். நிஜப் பெயர் தெரிந்துவிட்டால் அமெரிக்காவில் எங்காவது இன்னொரு பிரதியைத் தேடி வாங்கிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பாட்டு உன்னுடையது இல்லை.

லிட்டில் ஜூனிப்பர், 'சர்க்கரை ஏணி'. இரண்டும் நான் வைத்த பெயர்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணின் கீச்சுக்குரல், அப்படி ஒரு துள்ளல். மற்ற எல்லாத் தட்டுகளுக்கும் ஆட்டத்துக்குப் போதாது என்று வேகக் குமிழை மேலே தள்ளுவேன். இது ஒன்றுக்கு மட்டும் கடைசிவரை கீழே இழுக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் கால்கள் பின்னிக்கொள்ளும்.

நிஜப் பெயர் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நான், என் புருஷன் வில்ஃப்.

அந்தத் தட்டை எடுத்துவிட்டால் நான் யார்? கஸ்டர்டு கிண்டுகிறவள். அதையும் அடிப்பிடிக்க விடுகிறவள்.


பிப்ரவரி 6. வெள்ளி.

தட்டில் ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரம் தூக்கியிருக்கிறது. நகம் அகலத்துக்கு. எங்கள் வீட்டில் எலி கிடையாது.


பிப்ரவரி 14. சனி.

எழுதித்தான் ஆக வேண்டும்.

தட்டுப் பிரியர்களின் மாதப் பத்திரிகை காலையில் வந்தது. கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதங்கள். அதில் கறுப்பு வெள்ளையில், நான் காகிதம் ஒட்டி மறைத்த அந்தப் பெயர். *அந்தப்* பெயர்!

அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"ஐயா, என் தாயார் ஒடெஸா டாலிவர் 1976இல் இங்கே டொலிடோ நகரில் ஒரே ஒரு இசைத்தட்டு பாடினார். பாட்டின் பெயர் 'பேருந்துக்கு ஐந்து நிமிடம்'. எங்களிடம் பிரதி இல்லை. இங்கிலாந்தின் வடக்கே இப்படிப்பட்ட தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு என்று இங்குள்ள பழைய தட்டுக் கடைக்காரர் சொன்னார். யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தொடர்புகொள்ளவும். ஷார்லீன் டாலிவர்." கீழே ஒரு தொலைபேசி எண்.

தாயாராம். எத்தனை பேரைப் பார்த்தவள் நான்! எண்பத்தெட்டில் பிரெஸ்டன்காரன் ஒருவன் இதே வேலை செய்தான். செத்துப்போன பாடகரின் தம்பி என்று கடிதம் போட்டு, யார் பதில் எழுதுகிறார்கள் என்று பார்த்து, தட்டு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டான். இது அதே தந்திரம். ராய்ஸ்டனின் தங்கை ஒருத்தி கல்யாணமாகி அமெரிக்காவில்தான் இருக்கிறாள்.

ஆனால் ராய்ஸ்டனுக்குப் பெயர் எப்படித் தெரிந்தது?

இரண்டே பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லவில்லை.


பிப்ரவரி 15. ஞாயிறு.

கேட்டுவிட்டேன். உருளை வறுவலும் இறைச்சியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, நேராகவே கேட்டேன்.

"ராய்ஸ்டன்கிட்ட என்ன சொன்னே?"

"எதைப் பத்தி?"

"நடிக்காதே வில்ஃப். காகிதத்து ஓரம் தூக்கியிருக்கு. ஒரு வாரம் கழிச்சுப் பேர் பத்திரிகையில வருது. இந்த வீட்ல என்னையும் உன்னையும் தவிர யார் இருக்கா?"

முட்கரண்டியைக் கீழே வைத்தான். "இருபத்திரெண்டு வருஷம் உன்கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன் நோரீன். ஒரு பாட்டுக்காக என்னைத் திருடன்கிறியா?"

"ஓரத்தைத் தூக்கினியா இல்லியா? அதச் சொல்லு."

முகம் சிவந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மழையில். தொப்பிகூட இல்லாமல்.

தூக்காதவனுக்கு முகம் ஏன் சிவக்கணும்? சொல்லு!


பிப்ரவரி 17. செவ்வாய்.

டீ போட்டுத் தருகிறான். பேச்சு இல்லை.


பிப்ரவரி 21. சனி.

சந்தையில் ராய்ஸ்டன். பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டிருந்தான், ரொம்ப அப்பாவி மாதிரி.

"அந்த டொலிடோ கடிதம் பாத்தியா? பாவம். நம்ம ஆளுங்க ஒருத்தருக்கும் இந்தப் பேர் தெரியல. நான்கூட ஒரு வரி எழுதிப் போட்டேன், கேள்விப்பட்டதே இல்லன்னு."

நான் தக்காளியைப் பார்த்துக்கொண்டே, "நானும் கேள்விப்பட்டதில்ல" என்றேன்.

என் முகத்தையே ஒரு நொடி பார்த்தான். அந்த ஒரு நொடி எதற்கு? என் முகத்தில் என்ன தெரிந்தது?


மார்ச் 1. ஞாயிறு.

ஆட்டம். லிட்டில் ஜூனிப்பருக்குத் தளம் நிறைந்தது. வழுக்கி ஆடுவதற்காக முகப்பவுடர் தூவியிருந்தார்கள். பெரியவர்களெல்லாம் அதில் பிள்ளைகளைப் போல் சறுக்கினார்கள். எனக்கு ஒன்றும் தித்திக்கவில்லை. பாட்டு ஓடின நேரம் முழுக்க யார் ஆடவில்லை, யார் என் கையைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வில்ஃப் வழக்கம்போல் ஒலிபெருக்கிகளைத் தூக்கி வந்து வைத்தான். வயர் மாட்டினான். "சரியா இருக்கா?" என்றான். இரண்டு வாரத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை. நானும் "ம்" என்றேன்.


மார்ச் 4. புதன்.

டொலிடோவுக்குப் போன் பண்ணினேன்.

வீட்டிலிருந்து இல்லை, நான் அவ்வளவு மடைச்சியா? தபால் நிலையத்துக்கு எதிரே இருக்கும் போன் பெட்டியிலிருந்து. பெயரும் மாற்றிச் சொன்னேன். திருமதி பில்லிங்.

எடுத்தவள் மூச்சு வாங்கினாள். அவள் வேலை செய்யும் சலவைக் கடையின் எண்ணாம் அது. பின்னால் இயந்திரங்கள் உருளும் சத்தம். சத்தத்தை எப்படி வேண்டுமானாலும் செய்யலாம்.

"பத்திரிகையைப் பாத்து பேசறேன். அந்தத் தட்டு உங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

அவள் மளமளவென்று சொன்னாள். தாயாருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது பேச்சு கிடையாது, சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். தட்டுகள் அச்சடித்தவனின் நிலவறையில் இருந்தபோது ஆற்றில் வெள்ளம் வந்து எல்லாம் போய்விட்டது. வீட்டிலிருந்த ஒன்றை வானொலிக்காரன் ஒருவன் இரவல் வாங்கிப் போனான், அவ்வளவுதான்.

"என் பையனுக்கு ஏழு வயசு மேடம். பாட்டி குரல் எப்படி இருக்கும்னு கேக்கறான். நான் பாடிக் காட்டினேன். எனக்குப் பாட்டு வராது. அம்மா சிலேட்டுல எழுதினாங்க, 'அவனைப் பயமுறுத்தாதே'ன்னு."

சிரித்தாள். பிறகு அழுதாள்.

"தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்ட இருக்கலாம். விசாரிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

நன்றாகத்தான் சொன்னாள். ரொம்ப நன்றாகவே சொன்னாள். நிஜக் கதை இவ்வளவு கோவையாக வருமா? அழுகையும் நடிக்கக்கூடியதுதான்.


மார்ச் 7. சனி.

சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். தட்டைப் போட்டுப் போனில் கொஞ்சம் கேட்க விடுவேன். வார்த்தை வரும் இடம் வேண்டாம். வார்த்தை கேட்டால் குரல் தெரியாமலே 'இதேதான்' என்று சொல்லிவிடுவாள். கடைசியில் வெறும் ராகமாக முனகும் இடம் ஒன்று உண்டு, பதினைந்து விநாடி. பெற்ற தாயின் குரலை அதிலேயே தெரியாதா?


மார்ச் 11. புதன்.

பிடிச்சுட்டேன்! பிடிச்சே புட்டேன்!

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டிலிருந்து போன். அங்கே மதியம். தட்டைப் போட்டு, ஒலிபெருக்கியருகே போனை நீட்டி, பதினைந்து விநாடி. ஊசியைத் தூக்கினேன்.

அப்புறம் மெதுவாக, "இது எங்க அம்மா இல்லீங்களே" என்றாள்.

"என்ன?"

"இது யாரோ சின்னப் பொண்ணு. அம்மா குரல் கனமா இருக்கும், அடிவயித்துலேருந்து வரும். தேவாலயத்துல ஆம்பளைங்க வரிசையிலதான் நின்னு பாடுவாங்க."

"உங்க அம்மா பேர்தான் தட்டுல போட்டிருக்கு. அவங்க குரலே உங்களுக்குத் தெரியலியா?"

"எனக்குத் தெரியும் மேடம். அது அவங்க இல்ல."

பொரிந்து தள்ளிவிட்டேன். பொய்க்காரி என்றேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ராய்ஸ்டனின் பெயரைக்கூடச் சொல்லிக் கத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தேடிப் பாத்ததுக்கு நன்றி" என்று வைத்துவிட்டாள்.

நன்றியாம்!


மார்ச் 12. வியாழன்.

வில்ஃபிடம் சொன்னேன். ஜெயித்த விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. அவன் வேலை பார்க்கும் பேருந்து டிப்போவிலிருந்து வந்து கைக் கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டான். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"பொய் சொல்ல வந்தவ 'இல்லை'ன்னு ஏன் சொல்றா?"

"என்ன சொல்றே?"

"அவ திருடியா இருந்தா, 'ஐயோ அம்மா, இதேதான், அனுப்புங்க'ன்னு குதிச்சிருப்பா. எவளாவது வேணாம்னு போவாளா?"




மார்ச் 14. சனி.

வேண்டாம் என்று சொன்னவள் பொய்க்காரி ஆக மாட்டாள். அப்படியானால் தட்டுதான் பொய். பெயர் ஒருத்தியுடையது, குரல் வேறொருத்தியுடையது. அச்சடித்தவன் மாற்றிப் போட்டுவிட்டானா? அதையும் சந்தேகப்பட வேண்டியதுதான். கடவுளே, சந்தேகத்துக்கு ஒரு எல்லை கிடையாதா எனக்கு?


மார்ச் 15. ஞாயிறு.

நிதானமாக எழுது நோரீன்.

காலையில் காகிதத்தை நனைத்து முழுக்க உரித்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. மஞ்சள் லேபிள். ஒடெஸா டாலிவர். பேருந்துக்கு ஐந்து நிமிடம். கீழே பொடி எழுத்தில் பாட்டின் நீளம்: ஐந்து நிமிடம் பத்து விநாடி.

அது உறுத்தியது. மன்றத்தில் அடுத்த தட்டை எடுத்து வைக்கக்கூட நேரம் போதாமல் தடுமாறுவேனே, இதற்கு எங்கே ஐந்து நிமிடம்?

பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டு வந்த சமையல் மணி இருந்தது. முட்டை வேகும் நேரத்தைக் காட்டி அடிக்கும் மணி. தட்டைப் போட்டு அதைத் திருப்பி வைத்தேன். பாட்டு முடிந்தபோது நான்கு நிமிடம் பத்து விநாடி. திரும்பப் போட்டேன். நான்கு பத்து.

ஒரு நிமிஷம் எங்கே போச்சு?

முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். அப்புறம் வில்ஃப் என் கருவியைக் கெடுத்துவிட்டான் என்று நினைத்தேன் (எழுதிவிட்டேன், வெட்கம்தான்). குமிழைப் பார்த்தேன். கடைசிவரை கீழே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். பெரிய தட்டுக்கு நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று. சின்னத் தட்டுக்கு நாற்பத்தைந்து.

சின்னத் தட்டென்றால் நாற்பத்தைந்துதான். எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆயிரம் சின்னத் தட்டுகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன, ஒன்றைக்கூட வேறு வேகத்தில் போட்டதில்லை. போட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. நீளமான பாட்டைச் சின்னத் தட்டில் அடக்க யாரோ ஒரு டொலிடோக்காரன் முப்பத்துமூன்று வேகத்தில் பதிவு செய்திருக்கிறான். லேபிளில் வேகத்தைப் போட மறந்திருக்கிறான்.

பொத்தானை மாற்றினேன். குமிழை நடுவில் வைத்தேன். மணியை ஐந்து பத்துக்குத் திருப்பி ஊசியை இறக்கினேன்.

அடி மெதுவாக வந்தது. மழைக்குப் பின் கூரை சொட்டுவது போல. பிறகு அவர் பாட ஆரம்பித்தார்.

சின்னப் பெண் இல்லை. முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, வேலை முடிந்து நிற்கிறார். கனமான, தணிந்த, அடிவயிற்றுக் குரல். அந்த மகள் சொன்ன மாதிரியே. சந்தோஷமாக ஊருக்குக் கிளம்புகிற பாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பேருந்து வர ஐந்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் என்னைப் போகாதே என்று சொல் என்கிறார் காதலனிடம். அவன் சொல்லவில்லை. கடைசியில் அந்த முனகல் வருகிறது. முன்பு துள்ளலாகத் தெரிந்தது. அது அழுகையை அடக்குகிற சத்தம்.

ரெண்டு வருஷமா இந்தப் பொம்பளைய ஓட ஓட விரட்டியிருக்கேனே. அவ பொண்ணையே பொய்க்காரின்னு சொன்னேனே. என்ன ஜென்மம் நான்?

ஐந்து நிமிடம் பத்து விநாடி. மணி சரியாக அடித்தது.

வாசலில் வில்ஃப் நின்றிருந்தான். எப்போது வந்தான் தெரியாது. "யாரு பாடறது?" என்றான்.

"லிட்டில் ஜூனிப்பர்" என்றேன். சொல்லிவிட்டு முந்தானை இல்லாத குறைக்குச் சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஓரத்தைத் தூக்கினது நான்தான்."

"தெரியும்."

"நிஜப் பேர் எனக்கு மறந்துபோச்சு நோரீன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினே. சொல்லாம சொல்லாம எனக்கே மறந்துடுச்சு. உன்கிட்ட கேட்டா எதுக்குக் கேக்கறேன்னு சந்தேகப்படுவே. அதான் தூக்கிப் பாத்தேன்."

சிரிப்பதா அழுவதா? இரண்டும் வந்தது.

"தப்பு என் மேலதான்" என்றேன்.

"இனிமே சந்தேகப்பட மாட்டியா?"

"அதெல்லாம் சத்தியம் பண்ண முடியாது."


மார்ச் 16. திங்கள்.

டொலிடோ. "திருமதி பில்லிங்" என்றதுமே அவள் குரல் கல்லாகிவிட்டது.

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு நிமிஷம் கேளுங்க, தப்பான வேகத்துல போட்டுட்டேன்."

"மேடம், எங்க அம்மா நோயாளி. எங்களை வச்சு விளையாட வேற ஆள் பாருங்க. உங்க பேரே பில்லிங்தானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

வைத்துவிட்டாள்.

அவள் சந்தேகம் சரிதான். என்ன செய்ய?


மார்ச் 18. புதன்.

பத்திரிகை ஆசிரியரிடம் அவள் முகவரியைக் கேட்டு வாங்கினேன். சரியான வேகத்தில் போட்டு வில்ஃப் ஒலிநாடாவில் பதிவு செய்தான். கூடவே கடிதம். என் நிஜப் பெயர், நிஜ முகவரி, நடந்தது எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை, சந்தையில் கேள்விப்பட்டதில்லை என்று சொன்னதைக்கூட. நான்கு பக்கம்.

தபாலில் போட்ட பிறகு பெட்டியை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். பிரதி எடுத்து விற்றுவிட்டால்? நோரீன், வாயை மூடு.


ஏப்ரல் 5. ஞாயிறு.

லிட்டில் ஜூனிப்பரைப் போடவில்லை. நான்கு மணிக்கு எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். வேறு ஏதோ போட்டேன். பாதிப் பேர் டீ வாங்கப் போய்விட்டார்கள்.

"என்ன மகராசி, தட்டை உடைச்சுட்டியா?" ராய்ஸ்டன்.

"இல்ல."

"வித்துட்டியா?"

"பேசாம போறியா?"

போனான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கவலைப்படுகிறானோ? எதற்காகக் கவலைப்படுகிறான்?


ஏப்ரல் 11. சனி.

பதில் இல்லை.


ஏப்ரல் 20. திங்கள்.

வந்தது.

மகள் எழுதியதில்லை. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் பெரிய பெரிய எழுத்து. தாயார் எழுதியது.

"அன்புள்ள திருமதி நோரீன் ஹேஸ்லம், ஒலிநாடா வந்தது. மகள் போட வேண்டாம் என்றாள். நான் போடு என்றேன். முதல் வரியிலேயே அவள் சமையலறைக்குப் போய்விட்டாள், கதவைச் சாத்திக்கொண்டு. பேரன் என் மடியில் உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும் என் தொண்டையில் கட்டியிருக்கும் துணியை மெல்லத் தொட்டுப் பார்த்தான். உள்ளே இருக்கிறேனா என்று தேடினான் போல.

"உங்களுக்குச் சந்தேகம் அதிகம் என்று மகள் சொன்னாள். எனக்கும் அப்படித்தான். தட்டு அச்சடித்தவன் ஐந்நூறு அடித்தேன் என்றான். நான் கண்ணால் பார்த்தது மூன்று. அவன் நிலவறையில் வெள்ளம் வந்ததாகச் சொன்ன வருஷம் எங்கள் தெருவில் ஒரு சொட்டு வரவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் சில சமயம் சரியாகவும் இருப்பார்கள்.

"என்னை வேகமாக ஓடவிட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு வருஷமாக முழங்கால் வலிக்கிறது, காரணம் இப்போதுதான் தெரிகிறது. ஒரு உதவி. அந்த வேகத்தில் போட்டதையும் எனக்கு அனுப்புங்கள். ஜனங்கள் ஆடினார்கள் என்றீர்களே. என் பாட்டுக்கு யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. ஆடுகிற சத்தத்தையாவது கேட்க வேண்டும். ஒடெஸா டாலிவர்."

வில்ஃபுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தி அவனைப் படிக்கச் சொன்னேன்.


மே 3. ஞாயிறு.

நான்கு மணி. ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன்.

"லிட்டில் ஜூனிப்பர்னு ஒருத்தி கிடையாது" என்றேன். "பாடினவங்க பேர் ஒடெஸா டாலிவர். பாட்டு 'பேருந்துக்கு ஐந்து நிமிடம்'. டொலிடோவில இருக்காங்க. இத்தனை நாள் நான் தப்பான வேகத்துல போட்டிருக்கேன். இது சரியான வேகம்."

இருநூறு பேரும் மேசைப் பக்கம் திரும்பினார்கள். தளத்தின் ஓரத்தில் வில்ஃப் டேப்ரெக்கார்டருடன் குனிந்திருந்தான்.

முப்பத்துமூன்றில் போட்டேன். தளம் காலியாகிவிட்டது. ஒரு நிமிஷத்துக்குள் ஒருத்தர் பாக்கி இல்லை. தட்டுப் போடுகிறவளுக்கு அதைவிட அவமானம் கிடையாது. கை பொத்தானுக்குப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் பத்து விநாடி, வெறும் பவுடர் படிந்த பலகைகளுக்குப் பாடினார் அந்த அம்மாள். சுவரோரமாக எல்லோரும் நின்றுகொண்டே கேட்டார்கள். யாரும் டீ வாங்கப் போகவில்லை.

முடிந்தது. யாரோ ஒருத்தர் கைதட்டினார். அப்புறம் எல்லோரும்.

"அவங்களுக்கு நீங்க ஆடற சத்தம் வேணுமாம்" என்றேன். நாற்பத்தைந்துக்கு மாற்றினேன், குமிழைக் கீழே இழுத்தேன். அவ்வளவுதான். கூரை அதிர்ந்தது. நானூறு கால்கள். வில்ஃப் டேப்ரெக்கார்டரைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு, மிதிபடாமல் இருக்கப் பட்ட பாடு!

ராய்ஸ்டன் ஆடவில்லை. என் மேசைக்குப் பின்னால் வந்தான். காகிதம் இல்லாத மஞ்சள் லேபிள் நின்றதும் குனிந்து பார்த்தான். கண்ணாடி போட்டு, நிதானமாக. பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

"அன்னிக்கே அந்தக் கடிதம் படிச்சதும் உன்னுதுதான்னு நினைச்சேன்" என்றான். "சந்தையில உன் முகத்தைப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

இல்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

"தேடு. இன்னும் இரண்டு உலகத்துல இருக்காம்" என்றேன்.


மே 5. செவ்வாய்.

நேற்று விடுமுறை, தபால் நிலையம் திறக்கவில்லை. இன்று பள்ளிக்கூடம் முடிந்ததும் போனேன். இரண்டு அட்டைக்கு நடுவே தட்டு, அதைச் சுற்றி வில்ஃபின் பழைய பனியன், மேலே பெட்டி. ஆட்டச் சத்தம் பதிவு செய்த நாடாவும் உள்ளேதான். பாட்டை மட்டும் பதிவு செய்த இன்னொரு நாடா எங்களிடம் இருக்கிறது, அது போதும்.

"உள்ளே என்ன?" என்றான் கவுண்டரில் இருந்தவன்.

"இசைத்தட்டு. ஒடெஸா டாலிவர் பாடினது, 'பேருந்துக்கு ஐந்து நிமிடம்'. அவங்களுக்கே அனுப்பறேன்."

கேட்டவுடன் சொன்னேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவனிடம்.

அவன் ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டான். எதைக் குறித்தான் என்று எட்டிப் பார்த்தேன். எடைதான்.